சிவப்பு வண்டி, பச்சை வண்டி

“‘உனக்கு வேணுங்கறது மூட்டை சுமக்கற கழுதை, நாயகி. எனக்கு வேணுங்கறது குதிரை. உன் கழுதையில ஏறி உட்கார்ந்துக்கிட்டு நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது.’ இப்படித்தான் சொன்னார், சாமி. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. இதோ பக்கத்துலதான் நிக்கிறார், கேட்டுக்குங்க.”

தில்லைநாயகி மூச்சு வாங்கினாள்.

பக்கத்தில் நின்ற பூபதி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டார்.

சாமி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

சாமி என்றால் காவியும் தாடியும் கிடையாது. பழைய எஸ்டேட்காரர்கள் கைவிட்டுப் போன பம்ப் ஹவுஸில், கைலியும் குரங்குக் குல்லாவுமாக இருக்கிற ஒரு மனிதர். நாயகியைவிடப் பத்து வயதாவது இளையவர். எங்கிருந்து வந்தவர் என்று கேட்டால் “கீழேருந்து” என்பார். அதற்குமேல் கேட்க அந்த மலையில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசித் தீர்த்த சண்டை என்று ஒன்றுகூட இல்லை. காப்பிக்கு நிழல் மரம் எது வைப்பது என்பதிலிருந்து எல்லாமே பம்ப் ஹவுஸ் வாசலுக்குத்தான் வந்திருக்கிறது. தீர்ந்தது என்று சொல்ல முடியாது. திரும்பி நடக்கும்போது எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

இன்றைக்கு மறக்க வழியில்லை. சண்டை இரண்டும் கண்ணெதிரே நின்றன.

ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை.

நாலு சக்கரமும் இழுக்கிற ஏ.டி.வி. வண்டிகள். ஜீப்புக்கும் மோட்டார் பைக்குக்கும் பிறந்த பிள்ளை போல இருக்கும். டயர் மட்டும் டிராக்டரிடம் கடன் வாங்கியது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி டவுன் கடைக்காரர் விட்டுப்போயிருந்தார். சாயங்காலம் வருவார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

போன மழையில் ஜீப் போகிற தடம் சரிந்துவிட்டது. மேலே இவர்கள் வீடு, கீழே தார் ரோடு. நடுவே பாறை, வேர், ஒரு ஓடை. பாதி வழியில் இந்தப் பம்ப் ஹவுஸ்.

“சிவப்போட சஸ்பென்ஷனைப் பாருங்க, சாமி,” என்றார் பூபதி. “பாறையில ஏறினா, ஏறினதே தெரியல.”

“எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கிட்டில்ல ஏறினார்.”

“தூசி விழுந்துச்சு.”

“ரெண்டு கண்ணுலயும்.”

சாமி காம்பை ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் போட்டார்.

“பச்சையில முன்னாடியும் கேரியர், பின்னாடியும் கேரியர்,” என்றாள் நாயகி. “சிலிண்டர் ஏத்தலாம், உரம் ஏத்தலாம். சேத்துல சிக்கினா முன்னால வின்ச் இருக்கு, கம்பியை மரத்துல மாட்டிவிட்டா தன்னைத் தானே இழுத்துக்கும். சரிவுல இறங்கும்போது பிரேக்கைக்கூடத் தொட வேண்டாம், இன்ஜினே பிடிச்சுக்குது. நானே ஓட்டிட்டு வந்தேன், சாமி. அவர் அந்தச் சிவப்பு மேல நின்னுக்கிட்டு வந்தார். உட்கார இடம் இருக்கற வண்டியில எதுக்கு நிக்கணும்?”

“அப்படித்தான் ஓட்டணும். உடம்புப் பாரத்தை மாத்திப் போடணும்னு கடைக்காரரே சொன்னார்.”

“அவர் விக்கிறவர். தலைகீழா நின்னு ஓட்டச் சொன்னாலும் ஓட்டுவீங்க.”

“இத்தனை நாளா சாமான் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார் சாமி.

“தலைச்சுமைதான்.”

“இப்ப என்ன அவசரம்?”

பூபதி நாயகியைப் பார்த்தார். இதைச் சொல்கிற உரிமை அவளுடையது என்று அவருக்கும் தெரியும்.

“சுகிர்தா வர்றா, சாமி. எங்க பொண்ணு. ஏழாம் மாசம். அடுத்த வாரம் வளைகாப்பு. வளையலைப் போட்டு, கையோட இங்க கூட்டிட்டு வந்துடுவேன். தலைப்பிரசவம் இல்லையா.”

கறிவேப்பிலை உருவிய கை நின்றது.

“இங்கயா?”

“தாய் வீட்டுக்குத்தானே, சாமி.”

“வலி வந்தா?”

“அதுக்குத்தான் சாமி வண்டியே,” என்றார்கள் இருவரும்.

காலையிலிருந்து இருவர் வாயிலும் ஒரே பேச்சு வந்தது அப்போதுதான்.

“பின்னாடி மெத்தை போட்டுப் படுக்க வெச்சு, கீழ தார் ரோட்டுக்கு இறக்கிடுவோம்,” என்றாள் நாயகி. “அங்க ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பச்சைங்கறேன். சிவப்புல பிள்ளைத்தாச்சியை எங்க வெப்பார்? ஹேண்டில்பார்லயா?”

“சிவப்பு சீக்கிரம் போகும்.”

“போகும். அவளை வழியில போட்டுட்டு.”

“பொண்ணு இப்ப எங்க இருக்கு?” என்றார் சாமி.

“திருப்பூர்ல. மாப்பிள்ளை வீட்டுல.”

“அங்க ஆஸ்பத்திரி?”

“எதிர்வரிசையிலயே இருக்கு. ஜன்னலைத் திறந்தா டெட்டால் வாசம்தான்.”

“ம்.”

அந்த ‘ம்’ நாயகிக்குப் பிடிக்கவில்லை. குருவாகவே இருந்தாலும் ‘ம்’ என்பதற்கு ஒரு அளவு வேண்டும்.

“என்ன சாமி ‘ம்’? எனக்கு அம்மா இல்ல. தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட நாதியில்ல. மாமியார் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்து அறையில படுத்துக்கிட்டு, குழம்பு தாளிக்கற சத்தத்துல கத்தினேன், வெளிய கேட்கக் கூடாதுன்னு. என் பொண்ணு அப்படிக் கிடக்க மாட்டா. என் வீட்டுல, என் கண்ணு முன்னால, நான் வெச்ச பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பெத்துக்குவா. எந்த வண்டின்னு மட்டும் சொல்லுங்க.”

சாமி எழுந்தார். கறிவேப்பிலையை முறத்தோடு உள்ளே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் இருந்தது. நல்ல முற்றல். மேலே சாம்பல் பூத்திருந்தது.

நாயகிக்கு அப்பாடா என்றிருந்தது. திருஷ்டி கழிக்கப்போகிறார். புது வண்டிக்கு முன்னால் பூசணிக்காய் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எந்த வண்டிக்கு முன்னால் வைக்கிறாரோ அதுதான் தீர்ப்பு. அவள் பையைத் துழாவிக் கற்பூரத்தை எடுத்துவைத்துக்கொண்டாள்.

சாமி சிவப்பு வண்டியைத் தாண்டினார்.

பூபதியின் முகம் சுண்டியது.

பச்சை வண்டியருகே நின்றார். நாயகி கற்பூரத்தை நீட்டினாள்.

அதை அவர் வாங்கவில்லை. பூசணிக்காயைப் பூபதியிடம் கொடுத்தார். தோளில் கிடந்த ஈரத்துண்டையும் கொடுத்தார்.

“கட்டுங்க.”

“வண்டியில எங்க சாமி கட்டறது?”

“வண்டியில இல்ல. அம்மா வயித்துல.”

“சாமி,” என்றாள் நாயகி. “எனக்குப் பேரன் பேத்தி எடுக்கற வயசு.”

“கட்டுங்க, ஐயா.”

பூபதி கட்டினார். முப்பது வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டியின் வயிற்றைச் சுற்றிக் கை வைக்கிற வெட்கத்தோடு கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

சாமி இரண்டு சாக்கைக் கொண்டுவந்து பின் கேரியரில் விரித்தார்.

“படுங்கம்மா.”

“இதுலயா?”

“நீங்க கேட்ட வண்டிதானே.”

இப்போது மாட்டேன் என்றால் பச்சை போய்விடும் என்று பட்டது அவளுக்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மல்லாந்து படுத்தாள். கால் முழங்காலோடு வெளியே தொங்கியது. ஒரு கை கேரியர் கம்பியைப் பிடித்தது.

“தார் ரோடு வரைக்கும்,” என்றார் சாமி பூபதியிடம். “அவசரமே இல்ல. மெதுவா, பார்த்துப் போங்க. நான் பின்னால நடந்து வர்றேன்.”

பூபதி மெதுவாகத்தான் போனார். அதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த மனிதர் வாழ்க்கையில் எதையுமே அவ்வளவு பொறுமையாக ஓட்டியதில்லை. இருப்பதிலேயே சின்ன கியர். நாலு சக்கரமும் இழுக்கிற பொத்தானைப் போட்டாயிற்று. கல்லைக் கண்டால் நின்றார், யோசித்தார், ஒதுங்கினார்.

நாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் யாராவது பார்த்தால் மலை முழுக்க இதுதான் பேச்சு. எஸ்டேட் அம்மா பூசணிக்காய்க்கு மாசமாக இருக்கிறாள் என்பார்கள்.

அண்ணாந்து பார்த்தாள். சில்வர் ஓக் உச்சிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பாதையில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். படுத்துக்கொண்டு போனதில்லை.

முதல் வளைவில் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கம்பியில் இடித்தது.

“மெதுவா.”

“மெதுவாத்தான் போறேன்.”

அதற்குப் பிறகு பாறைப் படி. முன் சக்கரம் ஒன்று இறங்கியது. இன்னொன்று இறங்கியது. பின் சக்கரம் இறங்கியபோது அவள் உடம்பு மடங்கித் தாடை மார்பில் இடித்தது. பூசணிக்காய் உருண்டு விலா எலும்புக்கு வந்தது. துண்டு வயிற்றை அறுத்தது.

சும்மா இருந்த கை தானாகவே போய் அதைத் தாங்கிக்கொண்டது.

“ஒண்ணுமில்ல,” என்றாள். “ஒண்ணுமில்லடா, வந்துருச்சு. இதோ வந்துருச்சு.”

யாரிடம் பேசுகிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

“நிறுத்தட்டுமா?” என்றார் பூபதி, திரும்பாமலே.

“நிறுத்தினா மட்டும்? போங்க. ரோடு இன்னும் எவ்வளவு தூரம்?”

“ஓடையே இன்னும் வரல.”

ஓடை வந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். அடியில் இருந்த கல்தான் வழுக்கல். வண்டி இறங்கியது, நின்றது, உறுமியது. நாலு சக்கரமும் சேர்ந்து ஒரு உந்து உந்தியது. எதிர்க்கரையில் ஏறும்போது வானம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முடிச்சு நழுவுவது அவளுக்குத் தெரிந்தது.

கம்பியை விட்டாள். விழுந்துவிடுவோம் என்று தெரிந்தேதான் விட்டாள். இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தாள். விரல் நுனியில் சாம்பல் ஒட்டியது, அவ்வளவுதான்.

கல்லில் பட்டுப் பிளந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. தன் தொண்டையிலிருந்துதான் அது வந்தது என்பதை நாயகி நம்பவில்லை. அடுப்படிப் பக்கத்து அறையில்கூட அப்படிக் கத்தியதில்லை.

பூபதி இன்ஜினை அணைத்தார். இறங்கினார். பாதி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கி உட்காரவைத்தார்.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சரிவிலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றது. கடைக்காரர் சொன்னதெல்லாம் உண்மை.

வெள்ளைச் சதையும் விதையுமாக ஓடைக் கல்லில் சிதறிக் கிடந்தது. ஒரு துண்டு தண்ணீரில் போய், இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிச் சுற்றியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டு சரியில்ல,” என்றார் பூபதி. “இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருந்தா…”

பேச்சு அங்கேயே நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவர் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சாமி வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. அவர்களையும் பார்க்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். துண்டு துண்டாகப் பொறுக்கினார். சுற்றிக்கொண்டிருந்த துண்டையும் விடவில்லை, குனிந்து எடுத்து அலசி மடியில் போட்டுக்கொண்டார்.

“மோர்க்குழம்புக்கு ஆகும்,” என்றார்.

வந்த வழியே ஏறத் தொடங்கினார்.

ஓடைக்கரையில் மட்டும் போனுக்குக் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். நாயகி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். சுகிர்தா பெயரைக் கண்டுபிடித்தாள். கட்டைவிரல் அதற்கு மேலேயே நின்றது. சாமியின் ஈரத்துண்டு அவள் இடுப்பில் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

போனைப் பூபதியிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. நீங்க பேசுங்க.”

அவர் கையை நீட்டவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வளையல் எல்லாம் எடுத்தாச்சு. அறைக்குச் சுண்ணாம்புகூட அடிச்சாச்சு. வராதேன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன். நீங்க சொல்லுங்க.”

அவள் திரும்பினாள். சாமியின் குல்லா, மேல் வளைவில், செடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

“சாமி,” என்றாள். “நீங்களாவது அவகிட்டச் சொல்லுங்களேன்.”