மீல் மேக்கர் பெருசான கதை

மொதல்லயே சொல்லிடுறேன், ஊத்துப்பாறை அண்ணன் தம்பி மூணு பேருமே தங்கமானவங்க. என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வாங்க. அதான் பிரச்சினையே.

மூத்தவன் பேச்சிமுத்து, நடுவுள்ளவன் சுடலை, இளையவன் பால்பாண்டி. மூணு பேருக்கும் ஒரே தங்கச்சி, செண்பகம். அன்னிக்கு அவளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்பிள்ளை திருமலை கறி, மீனு மட்டுமில்ல, பாலு, தயிரு, நெய்யுகூட தொடமாட்டாராம். செண்பகத்துக்கு போட்டோவுலயே அவரைப் பிடிச்சுப் போச்சு.

"பொண்ணு இன்னிக்கு அடுப்படிக்கு வரக்கூடாது, விருந்து எங்க பொறுப்பு"ன்னுட்டாங்க அண்ணன்மாரு.

பக்கத்து வீட்டுக்குச் சீலை கட்டப் போறப்போ அவ ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா. "இதுல உள்ளபடி செய்ங்க. விருந்து சொதப்பி இந்த இடம் தட்டிப் போச்சுன்னா, இனி நான் யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்."

சுடலை சீட்டைச் சத்தமா வாசிச்சான்.

"ஒண்ணு. பால் சம்பந்தப்பட்ட எதுவும் வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது."

ரெண்டு அண்ணன்மாரும் மெதுவா தம்பி பக்கம் திரும்புனாங்க.

"பால்பாண்டி, உன் பேர்ல என்னல இருக்கு?"

"பாதி பாலுதான்ணே. பாண்டி மட்டும் உள்ள இருக்கட்டுமா?"

"பிரிக்க முடியாதுல. தங்கச்சி வாழ்க்கை."

அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாழைமரத்தடியில உக்காந்துட்டான்.

"ரெண்டு. டோஃபுவுல தண்ணி இருக்கும். துணியில சுத்தி, மேல கனமா எதையாவது அரை மணி நேரம் வைங்க." டோஃபுங்கிறது சோயாவுல செய்ற வெள்ளைக் கட்டி, பாக்க பனீர் மாதிரியே இருக்கும்.

"நம்ம வீட்டுல எதுண்ணே ரொம்பக் கனம்? ஆட்டுரலா?"

பேச்சிமுத்து ரொம்ப நேரம் யோசிச்சான். "தங்கச்சி போயிருவாளேன்னு காலையில இருந்து என் மனசுதாம்ல கனமா இருக்கு."

"அப்போ நீதான் உக்காரணும்."

உக்காந்துட்டான். நடு வீட்டுல, டோஃபு மேல.

"மூணு. குழம்புக்கு மீல் மேக்கர். வெந்நீர்ல போட்டா பெருசாயிரும்."

கடையில சோயா உருண்டைக்கு அதான பேரு. ஆனா சுடலை எட்டாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன். "மீல்னா சாப்பாடு. மேக்கர்னா செய்றவரு. சமையலுக்கு ஆளே வந்தாச்சுண்ணே. இப்போ குட்டியா இருக்காரு, அவ்வளவுதான்."

ஒரு விருந்துக்கு ஒரு ஆள் போதும்னு பாக்கெட்டுல இருந்து ஒரே ஒருத்தரை எடுத்து, சூடு பொறுக்குமான்னு விரல் விட்டுப் பாத்து, வெந்நீர்ல விட்டான். பெருசானதும் கட்டிக்க ஒரு வேட்டியை மடிச்சு வச்சான். குளிக்கிற ஆளைப் பாக்கக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு வந்துட்டான்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. பேச்சிமுத்து கும்பிட்டான், ஆனா எந்திரிக்கல.

மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முகம் கறுத்துப் போச்சு. "எந்திரிச்சு 'வாங்க'ன்னு சொல்ல மாட்டீரோ?"

"இன்னும் பன்னண்டு நிமிஷம் பாக்கி இருக்குங்க. உங்க மகனுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"சாப்பாடாவது ஆச்சா?"

"சமையல்காரரு குளிச்சுட்டு இருக்காரு"ன்னான் சுடலை.

"கிளம்புடே திருமலை."

திருமலை கிளம்பல. அடுப்படிக் கதவைத் திறந்து எட்டிப் பாத்தாரு. ஒரு குண்டா வெந்நீர், நடுவுல ஒத்தை சோயா உருண்டை, பக்கத்துல மடிச்ச வேட்டி. சிரிப்பை அடக்கவே முடியல அவருக்கு. "அப்பா, பசிக்குது. நானே செஞ்சுருதேன்"னு பேண்ட்டைக் கழட்டிட்டு அந்த வேட்டியையே கட்டிக்கிட்டு, பாக்கெட்டுல இருந்து ரெண்டு கை உருண்டை அள்ளி வெந்நீர்ல போட்டாரு. விஷயம் கேட்டுப் பாதிச் சடையோட ஓடி வந்த செண்பகம், பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சா.

குழம்பு மணத்துலயே மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. மூணு தடவை சோறு வாங்குனாரு. "சம்மதம்"னும் சொல்லிட்டாரு. அப்பளமாயிருந்த டோஃபுவை மட்டும் யாரும் கேக்கல.

அப்போ, சீட்டு வாசிச்சதையெல்லாம் கொல்லையில இருந்தே கேட்டிருந்த பால்பாண்டியோட தலை ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்சுது. "அண்ணே, மோசம் போயிட்டோம். தங்கச்சி மீல் மேக்கரைப் பாத்துச் சிரிக்கா."

"பேண்ட் போட்டவரையா, வேட்டி கட்டினவரையா?"ன்னான் சுடலை.

"வேட்டி. வெந்நீர்ல பெருசாகி வந்தவரு."

பேச்சிமுத்து நெஞ்சுல கை வச்சான். "மாப்பிள்ளை பேண்ட்டுலதானல வந்தாரு. இப்போ அவருக்கு என்ன பதில் சொல்றது?"

சுடலை யோசிச்சான். "வெறுங்கையோட அனுப்பாண்டாம்ணே. பாக்கெட்டுல இன்னும் முப்பது பேரு இருக்காங்க, குடுத்து அனுப்புவோம். வெந்நீர் அவரு வீட்டுலயே இருக்கும்."