வெள்ளைப் பூப்பந்தல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், முத்தங்கரை என்ற கடலோர நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் வாரத்துக்கு ஓர் ஆசை வந்துவிடும். அந்த ஆசைகளின் பின்னால் ஓடி ஓடியே அவனுடைய அமைச்சர் அம்பலத்தரையருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

கீழைக் கடலுக்கு அப்பால் ஒரு தீவு நாடு. அங்கிருந்து வந்த தூதரை மாறவேள் ஒருமுறை வாசலிலேயே காக்கவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டான். அன்றோடு அந்நாட்டுக் கப்பல்கள் நின்றன. துறைமுகம் வெறிச்சோடியது. மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வமாயிற்று. அமைச்சர் ஓலைமேல் ஓலை அனுப்பிக் கெஞ்சி, ஒருவழியாகப் புதுத் தூதரை வரச் சம்மதிக்க வைத்தார்.

"வரவேற்பு அவர்கள் நாட்டு முறையில் இருக்கவேண்டும். சபை முழுக்கப் பூ அலங்காரம்! யார் செய்வது?" என்றான் அரசன்.

"அடியேன் இருக்கிறேன் மகாராஜா!" என்று துள்ளி எழுந்தார் அலங்கார அதிகாரி செண்டலங்காரர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "அந்நாட்டுப் பட்டுத்துணியில் ஒரு சித்திரம் பார்த்தேன். கூரை முதல் தரை வரை வெள்ளைப் பூ. அப்படியே கட்டிவிடுகிறேன்."

"கப்பல் வந்ததும், தூதரோடு மொழிபெயர்க்க வரும் துபாஷியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டலாமே" என்றார் அமைச்சர்.

"பார்த்தீர்களா மகாராஜா? இவருக்கு வயதாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் சந்தேகம்!"

அரசன் சிரித்தான். வாதாடத் தெம்பில்லாமல் அமைச்சர் உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகை, நந்தியாவட்டை, வெண்தாமரை என்று நாட்டிலிருந்த வெள்ளைப் பூவெல்லாம் அரண்மனைக்கு வந்தது. சபை பனி கொட்டியதுபோல் ஆயிற்று. தூதர் உள்ளே வந்தார், நிமிர்ந்து பார்த்தார், தலைப்பாகையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு அழத் தொடங்கினார்.

"எங்கள் நாட்டில் அரசர் இறந்தால்தான் இப்படிப் பந்தல் போடுவோம்" என்றார் துபாஷி. "இங்கே இறந்தது யார் என்று கேட்கிறார்."

"எல்லாம் அமைச்சர் யோசனை..." என்று முனகியபடி செண்டலங்காரர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அரசன் பரிதாபமாக அமைச்சரைப் பார்த்தான்.

இதையும் நான்தான் சுமக்கவேண்டுமா என்றிருந்தது அம்பலத்தரையருக்கு. மெல்ல எழுந்தார்.

"ஐயா, இறந்தது நம் இரு நாட்டுக்கும் நடுவே இருந்த பகை. இத்தனை நாளாக எங்கள் துறைமுகத்தை அதுதான் அரசாண்டது. அரசனாக இருந்ததை அரசனுக்குரிய மரியாதையோடு வழியனுப்ப வேண்டாமா? துக்கத்துக்கு உங்களையும் அழைத்தோம்."

துபாஷி சொல்லி முடித்ததும் தூதர் கண்ணீரோடு அமைச்சரையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மல்லிகையை எடுத்துத் தரையில் வைத்து, அரசனையும் கூப்பிட்டார். மாறவேள் இறங்கிவந்து, தூதர் பக்கத்தில் மண்டியிட்டுத் தானும் ஒரு பூ வைத்தான். "அன்று நான் செய்தது தப்பு" என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

மறுவாரமே கப்பல்கள் வந்தன. திரும்பிப்போன கப்பலொன்றில், அந்நாட்டுப் பூக்கட்டும் முறையை அரிச்சுவடியிலிருந்து படித்துவரும்படி செண்டலங்காரர் ஏற்றிவிடப்பட்டார்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். "அமைச்சரே, அடுத்து வடக்கேயிருந்து ஒரு ராணி வருகிறார். நூறு யானைகளை..." என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"முதலில் அவர்களுக்கு யானை பிடிக்குமா என்று கேட்டுவிடுவோம்" என்றான்.

அம்பலத்தரையர் கையெடுத்துக் கும்பிட்டார்.