களிக்குள் இருந்தது

சென்னியப்பன் திருவோட்டை அம்மையின் முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் மோர் சிந்தியது.

"நாளையிலிருந்து நான் போகலீங்க" என்றார்.

மடத்துத் தலைவி பாவாயி அம்மை கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பிட்சைக்கா, மடத்தை விட்டா?"

"ரெண்டும்தானுங்க. பிட்சைக்கும் போகலை, மடத்திலயும் இருக்கலை. என்னைத் தெரியாத ஊராப் பாத்துப் போயிடறேன்."

"போங்கண்ணா. யாரையும் தடுக்கற வழக்கம் இங்கே இல்லையே."

அம்மைக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. மடத்துக்கு வந்த முதல் நாளே அம்மை அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டார். அப்புறமும் அதை மாற்றவில்லை.

மடத்துக்கு வருமுன் சென்னியப்பன் அதே ஊர் அன்னசத்திரத்தின் வாசலில் பத்தொன்பது வருஷம் காவல் இருந்தார். கையில் ஒரு குச்சி உண்டு. அதற்கு வேலை வந்ததில்லை. நாக்கே போதுமானதாக இருந்தது. வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு நிஜமாகவே பசி, யார் சும்மா வந்தவன் என்று முகத்தைப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. சந்தேகம் வந்தால் ஆளை வரிசையிலிருந்து விலக்கிவிடுவார். இந்தத் திறமைக்காக நிர்வாகிகள் அவரைப் பாராட்டியும் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சத்திரம் மூடப்பட்டது. அடுத்த ஆடியில் மனைவி இறந்துபோனாள். அதன் பிறகு இங்கே வந்தார்.

மடத்தில் சேர்பவர் முதல் வருஷம் சொந்த ஊரில்தான் பிட்சை எடுக்க வேண்டும். காலையில் ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரே ஒரு தடவை, "இரங்குங்க தாயே" என்று கூப்பிட்டுவிட்டு நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும். ஓடு கையில் இருக்கும்வரை வேறு வார்த்தை பேசக் கூடாது. பேசியே ஆக வேண்டுமானால் ஓட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பேசலாம். ஆனால் வைத்தால் அன்றைய பிட்சை அத்தோடு சரி. வந்ததையெல்லாம் மதியம் மடத்து வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பரிமாறுவார்கள். எடுத்து வந்தவர் கடைசியில் சாப்பிட வேண்டும்.

சென்னியப்பன் ஓட்டோடு வாசலில் நிற்பதைப் பார்க்க ஊர் வெகு நாளாகக் காத்திருந்தது போலிருந்தது.

"ஒண்ணு கேக்கணுமுங்க" என்றார் சென்னியப்பன். "நாப்பது நாளாக் காலையும் மாலையும் கண்ணை மூடி, 'சாமி, எம்மேல இரங்கு'ன்னு கேக்கறேன். வந்ததெல்லாம் ஏச்சுத்தான். சாமிக்குக் காது கேக்கலையா, நான் கேக்கற முறையில தப்பா?"

"இன்னிக்கு என்ன ஏசினாங்க?"

"அதை எதுக்குங்க?"

"சும்மா, சொல்லுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"முதல் வீட்ல, 'மூஞ்சியைப் பாத்தா பசிச்ச மாதிரி இல்லையே'ன்னாங்க. அடுத்த வீட்ல, 'நேத்துத்தானே தின்னே, அது வயிறா கெணறா?' மூணாவது வீட்ல ஒரு பொடிசு, 'வழியில நிக்காதே, அக்கட்டப் போ'ங்குது. அஞ்சாவது வீடு பொன்னாத்தாள். அவ நான் கூப்பிடறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுடறா. 'சட்டை வெளுப்பா இருக்குதே, உனக்கு எதுக்குச் சோறு?'"

கடைசி வாக்கியத்தைப் பொன்னாத்தாளின் குரலிலேயே சொன்னார். அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒவ்வொண்ணும் எடுப்பாத்தான் இருக்குது. யாரு கட்டின வாக்கியமுங்கண்ணா இதெல்லாம்?"

எல்லாம் சத்திரத்து வாசலில் சென்னியப்பனே சொன்னவை. ஊர் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தது.

அம்மை விடவில்லை. "சரி, அதைச் சொல்லிட்டு ஓட்டுல என்ன போட்டாங்க?"

"அதைக் கவனிக்கலீங்க."

அம்மை ஓட்டை அருகே இழுத்துப் பார்த்தார். சோறு, கொஞ்சம் மோர், மாங்காய்த் துண்டு ஒன்று, ராகிக் களி மூன்று உருண்டை. ஒரு களியை இரண்டாகப் பிட்டார். நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு கட்டி வெல்லம், பாதி கரைந்து கிடந்தது.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "இது எப்படி உள்ளே போச்சு?"

"தெரியாதா? நாப்பது நாளா வருதே. உங்க ஓட்டுலதான் வருது. கொழந்தைக இதுக்காகவே மதியம் முன்னால ஓடி வருதுங்க."

"நான் பாத்ததே இல்லீங்களே."

"நீங்க சாப்பிட உக்காரும்போது அது தீந்து போயிடும்."

அவர் வெல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போகிற ஆள் என்பது மறந்துவிட்டது.

"களி போடறது மூணு வீடுங்க. செக்குக்காரர் வீடு, வாத்தியார் வீடு, பொன்னாத்தாள் வீடு. இது வாத்தியார் சம்சாரமாத்தான் இருக்கும். அந்தம்மா ஒருத்திதான் சிரிச்ச முகமா 'வாங்க'ன்னு சொல்லுது."

"நிச்சயமா?"

"பத்தொன்பது வருஷம் முகம் பாத்தவன்ங்க நான்."

"அப்படின்னா நாளைக்கு ஒரு நாள் போய் உறுதி பண்ணிட்டு வந்துடுங்க. யாருன்னு எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும். அப்புறம் கிளம்பலாம்."

அன்று மாலை வேண்டுதலின் நடுவே வெல்லம் வந்து நின்றது. 'சாமி, எம்மேல' என்று தொடங்கி, 'ஒருவேளை செக்குக்காரர் மருமகளாக இருக்குமோ' என்று முடித்தார். கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

காலையில் ஒரு முடிவோடு புறப்பட்டார். முகத்தைப் பார்ப்பதில்லை, கையை மட்டும் பார்ப்பது. பழகாத வேலை. முதல் வீட்டிலேயே இரண்டு முறை தலை தானாக நிமிர்ந்தது. அடக்கிக்கொண்டார். ஏச்சு வந்தது. ஆனால் அது யார் முகத்திலிருந்து வந்தது என்று தெரியாததால் பாதிதான் காதில் ஏறியது.

இரண்டாவது செக்குக்காரர் வீடு. மாமியார் உள்ளிருந்து, "வயிறா கெணறா?" என்று கேட்டாள். மருமகளின் கை உருண்டையைப் பிய்த்துச் சின்னப் பாதியை ஓட்டில் போட்டது. கை உள்ளே போய் உடனே திரும்பி வந்து பெரிய பாதியையும் போட்டது. நகமெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. வெல்லம் இல்லை.

நான்காவது வாத்தியார் வீடு. "வாங்க" என்றது குரல். கையில் கல்வைத்த மோதிரம். நேற்றைய உருண்டை, காய்ந்து வெடித்திருந்தது. ஓட்டில் விழுந்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. கை உடனே முந்தானையில் துடைத்துக்கொண்டது. சென்னியப்பன் நூறு எண்ணி முடிக்கவில்லை, நகர்ந்துவிட்டார்.

ஐந்தாவது வாசலில் அவர் வாயைத் திறக்குமுன், "வந்துட்டாருப்பா கலெக்டரு" என்றாள் பொன்னாத்தாள்.

சென்னியப்பன் நிமிரவில்லை.

"இன்னிக்கும் சட்டை வெளுப்புத்தான். என்ன, தலை குனிஞ்சிருக்குது? வெக்கம் வந்துருச்சா? வந்தா நல்லதுதான்."

பேச்சு மேலே ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஈரக் கை ஒன்று சுடச்சுடக் களியை உருட்டியது. கட்டைவிரல் நடுவில் ஒரு குழி போட்டது. இன்னொரு கை எதையோ குழிக்குள் வைத்தது. விரல்கள் அதன் வாயைச் சேர்த்து மூடின. உருண்டை ஓட்டில் விழுந்தது.

சென்னியப்பன் ஓட்டைத் தரையில் வைத்தார்.

"ஏன், பாரம் தாங்கலையா?"

"களிக்குள்ள என்ன அம்மணி வெச்சே?"

"வெசம்."

"வெல்லம்."

"தெரிஞ்சுட்டே ஏன் கேக்கறே?"

"வாயால இப்படி ஏசறே. கையால வெல்லம் வெக்கறே. எனக்கு ஒண்ணும் புரியலை."

"ஏச்சு உனக்கு. வெல்லம் பசிச்ச வயித்துக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதே."

"ஏன் வெல்லம்?"

பொன்னாத்தாள் கை கழுவச் செம்பை எடுத்தாள். கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எங்கூட்டுக்காரருக்கு அடிக்கடி கண்ணை இருட்டிட்டு வரும். வெளியே போறப்ப களிக்குள்ள ஒரு கட்டி வெச்சுக் குடுத்தனுப்புவேன். களி கிண்டினா கை அதுபாட்டுக்கு வெச்சுடுது. ஏழு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் வீட்ல களியுமில்லை, வெல்லமுமில்லை. 'சத்திரத்துக்குப் போயிட்டு வாங்க'ன்னேன். வெளியிடத்துக்குப் போறாரேன்னு நான்தான் சட்டையை வெளுத்துக் குடுத்தேன்."

சென்னியப்பன் அந்த வாசலில் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"நீ அந்தச் சட்டையைத்தான் பாத்தே. 'கொஞ்சம் இரங்குங்க சாமி'ன்னு உங்கிட்டக் கேட்டாராம். பின்னால நின்னவங்க வந்து சொன்னாங்க. திரும்பி வர்றப்ப புளியமரத்தடியில உக்காந்தாரு. எந்திரிக்கலை."

சென்னியப்பன் அந்த மனிதரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். எத்தனையோ முகம் வந்தது. அந்த முகம் வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் விலக்கிய ஒரு முகமும் தனியாக வரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லையே, அம்மணி" என்றார்.

"இருக்காது. அதுக்குத்தான் தெனமும் சொல்லிக் காட்டறேன்."

"நாளைக்கும் சொல்லுவியா?"

"வந்தா சொல்லுவேன். வெல்லமும் வெப்பேன். வராட்டி உன் இஷ்டம். ஓட்டை எடு, நாய் வருது."

மடத்துக்குத் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. வழக்கத்தைவிட ஓட்டில் குறைவாக இருந்ததை அம்மை பார்த்தார்.

"ரெண்டு வாசல் பாக்கியா?"

"அஞ்சாவதுல ஓட்டை வெச்சுட்டேனுங்க."

"வாத்தியார் சம்சாரம்தானா?"

"இல்லீங்க." பொன்னாத்தாள் சொன்னதையெல்லாம் சொன்னார். அவள் குரலில் சொல்லவில்லை. தன் குரலிலேயே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அம்மை முழுவதையும் கேட்டார்.

"அப்ப, கிளம்பறீங்களா அண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணுமுங்க. நான் நாப்பது நாளாக் கேட்டதையேதான் அந்த மனுஷனும் அன்னிக்குக் கேட்டிருக்கறாரு. 'இரங்கு'ன்னுதான். அது சாமி காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு" என்றார் அம்மை. "அதனாலதான் இரங்கறதுக்குன்னு அன்னிக்கு அந்த வாசல்ல உங்களை நிறுத்தி வெச்சிருந்துது."

சென்னியப்பன் கிளம்புவதற்கு எழுந்திருக்கவில்லை.