ஒழுகாத பெட்டி

கொல்லிமலை அடிவாரத்தில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் பட்டறை. மலை ஏறுகிற பழைய வாடகைக் கார்களுக்கெல்லாம் அதுதான் கதி. மேஸ்திரி மதலைமுத்து அதிகம் பேசமாட்டார். அவரிடம் தொழில் கற்க வந்த அப்பாவு ஒன்றும் சின்னப் பையனில்லை. நாற்பது தாண்டி, தறித் தொழில் நொடித்துப்போய், ஸ்பேனர் பிடிக்க வந்தவன்.

அன்றைக்குப் பட்டறையில் நின்றது வாடகைக் கார் டிரைவர் வேடப்பனுடைய கார். வேடப்பன் உயிரோடு இல்லை. மலை இறங்கும்போது ஒரு வளைவில் கார் திரும்பாமல் நேரே போய்ப் பாறையில் முட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் நெஞ்சில் ஏறி, அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான்.

அந்த ஊர் கார் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. மலைப்பாதையில் டிரைவர் ஒருவன் செத்தால், ஸ்டாண்டு வண்டிகள் அத்தனையும் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சுடுகாடு வரைக்கும் பின்னால் போகும். வேடப்பனுக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. பழகிய வளைவு, தெரிந்த வண்டி, குடிக்காமல் எப்படி விடுவான் என்று யாரோ ஆரம்பித்தார்கள். அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டினவனுக்கு ஸ்டாண்டில் விளக்குப் போடமாட்டார்கள். அப்பாவு மட்டும் பாடைக்குப் பின்னால் நடந்து போனான். நீ ஏன் வந்தாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

வேடப்பனின் மனைவி செங்கமலம் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைச் சரிபண்ணித் தன் தம்பி கையில் கொடுக்கவேண்டும், அதை வைத்துத்தான் இனிச் சோறு என்றாள். பிறகு மேஸ்திரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, வண்டியப் பிரிச்சுப் பாத்தா அவரு குடிச்சிருந்தாரா இல்லையான்னு தெரியுமுங்களா?"

மேஸ்திரி சமீபமாக வண்டி எப்படி ஓடியது என்று விசாரித்தார். நன்றாகத்தான் ஓடியது என்றாள். முன்பு வாசலில் எண்ணெய் சொட்டுமாம். போட்ட கோலத்தையெல்லாம் கறையாக்குகிறாயே என்று அவனைத் திட்டுவாளாம். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்றாம்.

"அப்பாவு அண்ணந்தான் நிறுத்திக் குடுத்தாருன்னு அத்தன சந்தோசமாச் சொன்னாருங்க."

காருக்கு அடியில் படுத்திருந்த அப்பாவு வெளியே வரவில்லை.

ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றி மேடைமேல் வைத்தார்கள். டிரைவர் கை திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புப் பெட்டி அது. மூடியைத் திறந்தால், சட்டியில் ஒட்டின களிபோல கிரீஸ் சுவரோடு சுவராக அப்பியிருந்தது. நடுவிலிருந்த திருகு மரையோ வறண்டு, சூட்டில் நீலம் பாரித்து, பல்லோடு பல் கடித்து இறுகிப்போய்க் கிடந்தது.

"இதுக்கு எண்ணெயல்லவா ஊத்தணும்?" என்றார் மேஸ்திரி.

அப்பாவு தரையைப் பார்த்துச் சொன்னான். "சீல் தேஞ்சு ஒழுகிட்டே இருந்துச்சுங்க. நீங்க ஊர்ல இல்ல. கல்யாண வாடகைக்குப் போகணும், சட்டுனு முடின்னு நின்னான். கிரீஸ அடைச்சேன். ஒழுக்கு நின்னுருச்சு."

மேஸ்திரி இரண்டு டப்பா மூடிகளை எடுத்தார். ஒன்றில் கெட்டி எண்ணெயை ஊற்றினார். மற்றதில் கிரீஸை அப்பினார். விரலால் கோடு இழுக்கச் சொன்னார். எண்ணெயில் போட்ட கோடு மூடிக்கொண்டது. கிரீஸில் போட்டது அப்படியே பள்ளமாக நின்றது.

அப்பாவு அந்தப் பள்ளத்தையும், கிரீஸ் ஒதுங்கி வறண்டு கிடந்த மரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புதுப் பெட்டிய மாட்டு" என்றார் மேஸ்திரி.

மாட்டினான். சீலை விரலால் தடவித் தடவிப் பார்த்துப் பொருத்தினான். வாய் மட்டத்துக்கு எண்ணெய் விட்டான். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினான். வெண்ணெயாகத் திரும்பியது. அதன்பிறகு மண்ணெண்ணெய்த் தகரத்தை இழுத்து, பழைய பெட்டியைக் கழுவ உட்கார்ந்தான்.

மேஸ்திரி தகரத்தைக் காலால் எட்ட நகர்த்தினார்.

வாசலில் செங்கமலம் எழுந்து நின்றிருந்தாள். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அப்பாவு குரலைத் தாழ்த்தினான். "சொன்னா இந்த மலையில இனி எவனாச்சும் என்ன நம்பி வண்டிய விடுவானுங்களா, மேஸ்திரி?"

"விடமாட்டான்."

"சொல்லலைன்னா?"

"நெறையப் பேரு விடுவானுங்க."

அப்பாவு கை துடைக்கத் துணியைத் தேடினான். மேஸ்திரி அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பழைய பெட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"மொதல்ல வாசல்ல நிக்கிற அந்தப் புள்ளகிட்டக் காட்டு. அப்பறம் இதத் தூக்கிக்கிட்டு ஸ்டாண்டு வழியாப் போ."