கடை மூடும் நாளில் ஒரு பரஸ்தானம்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. ஆகவே கேட்கிறவர்கள் நடுவில் கண்ணசந்துவிடாமல் இருப்பது நல்லது.

திருநெல்வேலி டவுனில் சிதம்பரநாதன் என்று ஒருவர், தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் முட்டைகூட வராத சுத்த சைவம். ஆனால் மனிதருக்குத் தினமும் மீன் பிடிக்காவிட்டால் சோறு இறங்காது. மகன் நயினார் புனேவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய வீடியோ கேம் பெட்டியில் ஒரு மீன்பிடி விளையாட்டு இருந்தது. படகில் போய்த் தூண்டில் போட வேண்டும். சிக்கிய மீனை அதுவே மறுபடி ஆற்றில் விட்டுவிடும், அதனால் பாவம் ஒட்டாது என்பது அவர் கட்சி.

அந்த ஆற்றில் ஒரு கிழட்டு விரால் மூன்று வருடமாக அவருக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. போன மாதம் அது தூண்டிலை அறுத்துக்கொண்டு ஓடியபோது, இனி உன் முகத்தில் விழிப்பதில்லை என்று விளையாட்டையே அழித்துவிட்டார். பெட்டிக்குள்ளேயே கடை இருக்கிறது, ஒருமுறை வாங்கியதை எப்போது கேட்டாலும் தருவார்கள் என்ற தைரியம்தான். மூன்றாம் நாளே கோபம் ஆறிவிட்டது. கடையைத் திறக்க வேண்டிய பாஸ்வேர்டை மகனிடம் கேட்கத்தான் கௌரவம் தடுத்தது.

அப்படி இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை திரையில் அறிவிப்பு வந்தது. பழைய பெட்டிகளுக்கான கடை இன்று நண்பகலோடு நிரந்தரமாக மூடப்படும். அதன்பின் காசு கொடுத்து வாங்கியதையும் இறக்க முடியாது, பெட்டியில் இருப்பது மட்டும் ஓடும்.

சிதம்பரநாதன் அதை இரண்டு தடவை வாசித்தார். அந்த விராலைப் பிடிக்காமல் அவர் கட்டை வேகாது. "இத எனக்கு மீட்டுக் குடுக்கவங்களுக்குத்தான் படகுல ரெண்டாவது எடம், நெல்லையப்பர் மேல சத்தியம்" என்றார். அந்த இடம் லேசுப்பட்டதல்ல. துணையாளின் பெயரைப் படகில் எழுதிவிட்டால் பிறகு மாற்றவே முடியாது. இத்தனை காலம் அதை யாருக்கும் தராமல் பொத்தி வைத்திருந்தார்.

சத்தியம் செய்த கையோடு தினசரிக் காலண்டரைப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். மணி அப்போதே பத்தைத் தாண்டியிருந்தது. விரால் போனாலும் போகட்டும், ராகு காலத்தில் ஒன்றைத் தொடங்க அவரால் ஆகாது.

பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சுடலைமணிதான் வழி சொன்னார். "பயணத்துக்கு நேரம் சரியில்லன்னா, பைய முன்னாடியே அடுத்த வீட்டுல கொண்டு வைக்கோம்லா அண்ணாச்சி? அதே பரஸ்தானம்தான். பெட்டி எங்க வீட்டுக்கு வந்துட்டுன்னா காரியம் தொடங்குனதாத்தான் கணக்கு." பத்தரைக்குள் பெட்டி மஞ்சள் பையில், இரண்டு வாழைப்பழங்களோடு பரஸ்தானம் போயிற்று. சுடலைமணி வீட்டு இணையம் நல்ல வேகம் என்பது கூடுதல் லாபம்.

அடுத்து பாஸ்வேர்டு. போனில் நயினார் இழுத்தான். மெசேஜில் அனுப்புகிறேன் என்றான். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, வாயால் சொல் என்று அப்பா அதட்டவே, ஸ்பீக்கரில் வந்து விழுந்தது: பொன்செல்வி, அதன்பின் ஒரு பிறந்த தேதி. பொன்செல்வி சுடலைமணியின் மகள், கல்யாணமாகி மஸ்கட்டில் இருப்பவள். முகம் மாறாமல் எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டிருந்த சுடலைமணி, தேதி வந்ததும் நிறுத்தினார்.

"பதினஞ்சு இல்ல தம்பி, அவ பொறந்தது பதினாலு."

"இல்ல மாமா. நான் பதினஞ்சுன்னு நெனச்சுத்தான் வச்சேன்" என்றான் நயினார் ஈனஸ்வரத்தில்.

கடை திறந்தது. பெட்டியில் இடம் போதாது என்றது திரை. உள்ளே இருந்தது இன்னும் ஒரே ஒரு விளையாட்டு, சிதம்பரநாதனின் மனைவி கோமதியின் பலகாரக் கடை. மதியம் அவர் தூங்கும் நேரத்தில் ஒரு முறுக்குத் தட்டோடு தொடங்கியவள், இப்போது ஒரு தெரு முழுக்கக் கடை பரத்தியிருந்தாள். இரண்டையும் வைக்கப் பெட்டியில் வழியில்லை. வாசலில் நின்ற கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து தன் பலகாரக் கடையை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போய்விட்டாள்.

பன்னிரண்டு அடிப்பதற்குள் படகு பழைய துறையில் வந்து நின்றது. அடித்தபின் கடையைத் திறந்து பார்த்தார்கள், வெறும் சாம்பல் திரைதான் இருந்தது.

இனிதான் வழக்கு. பெட்டியும் என்னது, வாங்கியதும் நான், போதாக்குறைக்கு என் மானத்தையே விட்டுப் பாஸ்வேர்டு சொன்னேன், படகில் இடம் எனக்குத்தான் என்றான் நயினார் போனில். யோசனை என்னது, வீடும் இணையமும் என்னது, நான் இல்லாவிட்டால் ராகு விழுங்கியிருக்கும் என்றார் சுடலைமணி.

"நானும் எடம் விட்டேன்லா" என்றாள் கோமதி. ஆண்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மூவரில் ஒருவர் குறைந்தாலும் காரியம் நடந்திராது. இடமோ ஒன்று, சத்தியமோ நெல்லையப்பர் மேல். அந்தப் படகில் உட்கார உரிமை யாருக்கு?

விடை: கோமதிக்கு. பாஸ்வேர்டைச் சொன்னபின்னும் அது நயினாரிடமே இருக்கிறது. மானம் போனதென்றால், சுடலைமணியின் முகம் மாறாததே சொல்லும், அது போய் வெகுகாலம் ஆயிற்று. சுடலைமணியின் வீடும் இணையமும் யோசனையும் இருந்த இடத்தில் இருக்கின்றன. கோமதி கொடுத்தது மட்டும் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. சிதம்பரநாதனுக்கு இது உறைத்தது பெட்டியை வீட்டில் திரும்ப மாட்டியபோதுதான். பலகாரக் கடை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று. படகில் கோமதி என்று எழுதி, இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவியை அவள் கையில் கொடுத்தார். அவள் தூண்டிலைத் தொடவில்லை. ஆற்றின் இரண்டு கரையையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்க ஒரு முறுக்குக் கடை போட எடம் இருக்கா?"