அறுபது அடி நீல ஒயர்

ஒருத்தன் வயிறு எரிய அடுப்பு வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும் ஒரு நல்ல வார்த்தை போதும்.

நாச்சிமுத்து பதினோரு வருஷமாக ஹபீபுல்லா பாயிடம் ஏசி வேலை செய்கிறான். நேற்று வந்த இன்னாசியைப் பார்த்து பாய் ஒருநாள், “இவனுக்கு வேலைல கை சுத்தம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. மாதம் பிறந்தால் பன்னிரண்டு வில்லாவுக்கு ஏசி போடும் வேலை. அதற்கு மேஸ்திரி யார் என்று பாய் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஒரு டாக்டர் வீட்டுச் சுவரில், ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் புதுத் தெர்மோஸ்டாட்டை இன்னாசி மாட்டினான். மறுவாரம் ஃபில்டர் கழுவும் சாக்கில் போன நாச்சிமுத்து, சீலிங்குக்குள் ஏறி, அதற்குக் கரண்ட் வரும் நீல ஒயரை நடுவில் நறுக்கிவிட்டு வந்தான். ஒயரின் இரண்டு கோடியும் திருகாணியில் கிண்ணென்று இருக்கும். எவன் கண்டுபிடிப்பான்?

தெர்மோஸ்டாட்டின் திரை மங்கியது, மினுக்கியது, செத்தது. இன்னாசி மூன்று தடவை வந்தான். டிரான்ஸ்பார்மரை மாற்றினான், பியூஸை மாற்றினான், தலையைச் சொறிந்தான். நான்காம் தடவை பாயே கிளம்பினார், நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு.

“கை சுத்தம்னீங்களே பாய்.”

“மீட்டரைப் பிடி.”

மெஷினில் இருபத்துநாலு வோல்ட் இருந்தது. சுவரில், சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே, பூஜ்யம்.

“அப்புறம் எப்படிங்க பாய் அப்பப்ப மினுக்குது?” என்றான் ஒன்றும் அறியாதவன் போல.

“தனக்கு வர்ற ஒயர் அத்துப்போச்சு. மெஷினுக்குப் போற ஒயர்ல வாயை வெச்சு உறிஞ்சுது. இதுக்கும் வயிறு நிறையல, மெஷினையும் ஓட விடல.”

நாச்சிமுத்து மீட்டரைக் கீழே வைத்தான்.

பாய் மெயினை அணைத்தார். “அறுபது அடி ஒயர். எங்கியோ அத்திருக்கு. ஏறிப் பாரு.”

ஏறும்போதே அவனுக்குக் கணக்கு ஓடியது. இன்னாசிக்கு அகப்படாதது தனக்கு அகப்பட்டால் வில்லா வேலை தனக்குத்தான். தவழ்ந்து போனான், தடவினான், முறுக்கினான், டேப் சுற்றினான், இறங்கினான். மெயினைப் போட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது.

“மூணு தடவை வந்தும் அவனுக்கு ஆம்பிடல, பாத்தீங்களா? இப்பவாவது சொல்லுங்க பாய், வில்லாவுக்கு யாரு?”

பாய் தன் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார்.

“இது எங்கிட்டயே இருக்கு, நாச்சி.”

பாய் டார்ச்சால் சீலிங்கைக் காட்டினார்.

“உள்ள கும்மிருட்டு. நான் ஒரு பீடி பத்தவைக்கல, அதுக்குள்ள நீ இறங்கிட்ட.”

நாச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

“நான்தான் பாய்” என்றான் கடைசியில்.

பாய் மீட்டரைப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்குக் காலைல இன்னாசியக் கூட்டிட்டு மேல ஏறு. எந்த இடத்துல அத்துதுன்னு அவனுக்கு நீயே காட்டு. வில்லாவுக்கு யாருன்னு, இறங்கி வந்து எனக்குச் சொல்லு.”