காய்ந்த தரையில் அறுபது கெஜம்

பந்தை வைக்கிற இடத்தைச் சங்கரபாண்டி முதலில் நனைத்துவிடுவார். அது யாருக்கும் தெரியாது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு பஞ்சாலைக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானம் அது. மொத்தம் ஒன்பது குழி. மழைக்காலத்தில் பச்சைப் பசேலென்று கிடக்கும். மாசி பிறந்துவிட்டால் அப்பளம்தான். கொடி நட்ட குழியைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு மட்டும் புல் உயிரோடு இருக்கும், மிச்சமெல்லாம் வெடித்துப்போன கட்டாந்தரை. அந்த வட்டத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டிவருகிறவர் சங்கரபாண்டி. வயது நாற்பத்தொன்பது. அங்கே ஆட்டம் சொல்லித்தருகிற ஜெபராணிக்கு முப்பத்தொன்று. அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை மாஸ்டர் என்பார். பதினெட்டு வயது வித்தியாசத்தை இரண்டு பேரும் அப்படிச் சரிக்கட்டிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் கிணறு வற்றிவிட்டது. அடுத்த மாதம் லாரி நிற்கும். லாரி நின்றால் சங்கரபாண்டியின் வேலையும் நிற்கும். கமிட்டிக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். மாஸ்டருக்கு உதவியாள் ஒருத்தர் வேண்டும். ஒன்பது குழியையும் நாற்பத்தைந்து தடவை அடிப்பதற்குள் முடித்துக் காட்டினால் அந்த வேலை அவருக்கு. பரீட்சை நாளைக் காலை.

ஆடத் தெரியாதவர் இல்லை. பத்து வருஷமாக மட்டை பிடிக்கிறவர். ஆனால் மாசியில் ஒரு நாள், காய்ந்த தரையில் கிடந்த பந்தை அடிக்கப்போனவர், பந்துக்கு முந்தித் தரையை அடித்துவிட்டார். தரை சிமெண்டு மாதிரி. மட்டை எகிறி, அதன் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டது. மேலே எழும்ப வேண்டிய பந்து ஆள் உயரத்தில் விர்ரென்று போனது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வெயிலுமுத்து, இவருடைய கூட்டாளி. அவர் தாடையில் அடித்தது. கொட்டாங்கச்சி உடைகிற சத்தம். இரண்டு பல் போயிற்று.

அன்றிலிருந்து சோறு பிசையும்போதுகூட சங்கரபாண்டிக்கு அந்தச் சத்தம் கேட்கும். மட்டையைப் பிடித்தால் கட்டைவிரல் தானாக ஆடும். அதனால்தான் லாரியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர். ஈரமண் என்றால் மட்டை கொஞ்சம் முந்தி இறங்கினாலும் விட்டுக்கொடுக்கும். ஒரு மாதமாகப் பயிற்சியில் ஒரு பந்துகூடப் பிசகவில்லை.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் ஜெபராணி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பழுப்பாகக் கிடந்த தரையில் தட்டு அகலத்துக்கு ஒரு ஈரம்.

"யாரண்ணே இங்க பிள்ளைய ஒண்ணுக்கு விட்டது?"

கொடிப் பக்கம் நின்ற வெயிலுமுத்து அங்கிருந்தே சிரித்தார். சங்கரபாண்டிக்குக் காதெல்லாம் சூடானது. சொம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஜெபராணி அதையும் பார்த்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா, மாஸ்டர்."

"நாளைக்கும் சொம்போட வருவீங்களோ?"

ஜெபராணி பந்தை எடுத்துப் பத்தடி தள்ளி, வெடிப்பு ஓடிய இடத்தில் வைத்தார். அங்கிருந்து கொடி அறுபது கெஜம்.

"இங்கேருந்து அடிங்க."

சங்கரபாண்டி மட்டையை எடுத்தார். விரல் ஆடியது. இறக்கி வைத்தார்.

"கை நிக்க மாட்டேங்குது, மாஸ்டர். இந்தப் பயம் எப்போ போகும்?"

ஜெபராணி விறுவிறுவென்று கொடியைப் பார்த்து நடந்தார். வெயிலுமுத்துவை அனுப்பிவிட்டு, கொடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பல் போன அன்று அவர் நின்ற அதே இடத்தில் நின்றார்.

வெயிலுமுத்து சங்கரபாண்டி பக்கம் வந்து சேர்ந்தார். "அப்பாடா. எனக்கு மிச்சம் முப்பது பல்லு தப்பிச்சது, மாப்ளே."

"சும்மா இருடா."

சங்கரபாண்டி வாயருகே கையைக் குவித்துக் கத்தினார். "மாஸ்டர்! தள்ளி நில்லுங்க!"

"எதுக்கு?"

"பட்டுரும்!"

"நாளைக்குக் கமிட்டிக்காரங்க ஆறு பேரு இங்கதான் நாற்காலி போட்டு உக்காருவாங்க. அவங்களையும் எந்திரிச்சுப் போகச் சொல்லுவீங்களா?"

"வெளையாடாதீங்க மாஸ்டர்! நான் அடிக்க மாட்டேன்!"

"அப்ப பொழுது சாயுற வரைக்கும் நிக்கிறேன்."

நின்றார். வெயில் இறங்கவில்லை. மாஸ்டருக்கு மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை உண்டு. மில் காப்பகத்தில் இந்நேரம் எழுந்து, அம்மா எங்கே என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது சங்கரபாண்டிக்கு ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்?

"போயிரலாம்டா," என்றார்.

"போ. அந்தப் பொண்ணு சொன்னா சொன்னதுதான், நகராது," என்றார் வெயிலுமுத்து. "எனக்குத்தான் அன்னைக்கு ஒருத்தரும் சொல்லிட்டு அடிக்கல."

சங்கரபாண்டி கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். பந்தை உயரத் தூக்குகிற மட்டை. அன்றைக்கும் இதுதான். சரியாகப் பட்டால் பந்து வானத்துக்குப் போய்க் கொடியடியில் விழும், பார்க்க அழகாக இருக்கும். பிசகினால்? ஜெபராணியின் தாடை இங்கிருந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. மட்டையைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

ஏழாம் நம்பர் மட்டையை உருவினார். பந்தை அதிகம் தூக்காது, ஓடத்தான் விடும். பந்து வலது காலோரம் இருக்கிற மாதிரி நின்றார். உடம்புப் பாரத்தை இடது காலில் இறக்கினார். கொடியைப் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் ஒரு மொட்டைத் திட்டு இருந்தது, அதை மட்டும் பார்த்தார். மட்டையை முழுசாக ஓங்கவும் இல்லை, இடுப்பு உயரத்தோடு நிறுத்திக்கொண்டார். பிசகினாலும் முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது.

விரல் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

அடித்தார்.

டக். அவ்வளவுதான் சத்தம். முதலில் பந்து போனது, பிறகுதான் தரையில் புழுதி எழுந்தது. பந்து தாழப் பறந்து, திட்டில் விழுந்து, இரண்டு குதி குதித்து, தரையோடு தரையாக ஓடியது. ஒரு வெடிப்பில் பட்டு நேராக ஜெபராணியைப் பார்த்துத் திரும்பியது. ஜெபராணி நகரவில்லை. புல் வட்டத்துக்குள் ஏறியதும் பந்து வேகம் தணிந்து, தயங்கித் தயங்கி உருண்டு, அவர் செருப்பில் மெல்ல முட்டி நின்றது. குழிக்கு இரண்டு முழம்.

"அடி ஆத்தீ!" என்றார் வெயிலுமுத்து.

சங்கரபாண்டி மட்டையைப் போட்டுவிட்டு அறுபது கெஜமும் ஓடினார். போய்ச் சேர்ந்ததும் பந்தைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"படலையே?"

"படல."

"பயம் போகல, மாஸ்டர். பயந்துகிட்டேதான் அடிச்சேன்."

கொடிக்கம்பை இறுக்கியிருந்த விரல்களை ஜெபராணி ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கை வெளுத்திருந்தது.

"நானும் பயந்துகிட்டேதான் நின்னேன், அண்ணே."